இன்னொருக்காச் சொல்லுங்கோ

அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னது வணக்கம் அல்ல. "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பதுதான்.

வுப்பர்டாலில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்துக்கு அவர் வந்த நாள் அது. சனிக்கிழமைக் காலை, வழக்கம்போல மழை. நான் பேக்கரியிலிருந்து நனைந்த கடதாசிப் பையோடு வந்துகொண்டிருந்தேன். வாசலில் சாம்பல்நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பெட்டி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி கதவைத் தள்ள முடியாமல் நின்றார். முகத்தைப் பார்த்ததும் எங்கள் ஆள் என்று தெரிந்தது.

"இருங்க அக்கா, நான் பிடிக்கிறன். ஸெம்மல் வாங்கப் போனனான், கையெல்லாம் ஈரமாப் போச்சுது" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

காது சரியாகக் கேட்காதாக்கும் என்று நினைத்து, அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"இஞ்ச வர முதல் நீங்கள் தெற்கிலை இருந்திருக்கிறியள். மியூனிக் பக்கம். இந்த ஊரிலை சின்னப் பாணை ஒருத்தரும் ஸெம்மல் எண்டு சொல்லமாட்டினம், ப்ரோட்ஷன் எண்டுதான் சொல்லுவினம். அதுக்கு முதல் கொழும்பிலை கொஞ்சக்காலம். அதுதான் இருங்கோ எண்டு வாற இடத்திலை இருங்க எண்டு வருது."

சொன்னது அத்தனையும் சரி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்காகக் காத்துக் கிடந்த காலத்தைப் பற்றி நான் இந்த ஊரில் யாரிடமும் பேசியதில்லை. அகதி விண்ணப்பத்தில்கூட ஊரிலிருந்து நேரே வந்ததாகத்தான் சொல்லியிருந்தேன். அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள், எங்களில் பலரும் அப்படித்தான் சொன்னோம். அதெல்லாம் முடிந்து, ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்து, மகள் பிறந்து வளர்ந்து, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் இது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் என் கைப்பையைத் திறந்து உள்ளே கைவிட்டதுபோல இருந்தது.

அன்று மத்தியானம் கணவரிடம் சொன்னேன். அவர் பார்சல் வாகனம் ஓட்டுபவர், ஒரு நாளைக்கு நூறு வீட்டு மணி அடிக்கிறவர், மனிதர்களில் அவருக்கு அதிக நம்பிக்கை கிடையாது.

"உவ ஆர்? ஆற்ற ஆள்?" என்று கேட்டார்.

இவர் யார், யாருடைய ஆள் என்ற அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒழுங்கான பதில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

அவரை முகத்துக்கு முன்னால் அக்கா என்றும் பின்னால் காது அக்கா என்றும் எங்களவர்கள் சொன்னார்கள். பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று எங்கே கூப்பிட்டாலும் வருவார். எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குக் கிட்ட இடம் பார்ப்பார்கள். அவர் யார் அதிகம் கதைக்கிறார்களோ அவர்களுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொள்வார். பகிடி சொன்னால் சிரிக்கமாட்டார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, அந்தப் பகிடியிலிருந்த ஏதோ ஒரு சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். சில நேரம் அந்த ஆளிடமே போய், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பார். பிறகு, "நீங்கள் நோர்வேயிலை இருந்தனீங்களோ?" என்றோ, "உங்கட மனுசி மட்டக்களப்போ?" என்றோ கேட்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதல் தடவை ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாம் தடவை வாயை மூடிக்கொண்டார்கள்.

எல்லோருடைய ஊரும் அவருக்குத் தெரிந்தது. அவருடைய ஊர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மட்டக்களப்பு ஆட்களோடு கதைக்கும்போது அவர்களைப்போல "மறுகா" என்பார். என்னோடு யாழ்ப்பாணம். என் கணவரோடு கிரிக்கெட் விளையாட வரும் கோயம்புத்தூர் ஐடி இளைஞரோடு கதைத்தால், அந்த ஊரில் பிறந்தவர் மாதிரி "வாங்கண்ணா, போங்கண்ணா" என்று வரும். நடிப்பு மாதிரியும் இராது. தண்ணீர் பாத்திரத்துக்கு ஏற்றபடி நிற்குமே, அப்படி.

"அக்கா, உங்கட சொந்த இடம்?" என்று ஒருமுறை நேரடியாகவே கேட்டேன்.

"உங்கட வீட்டுக்கு மேலை" என்றார்.

"என்ன வேலை செய்யிறியள்?"

"கேக்கிற வேலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல விஷயமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் மகளின் தமிழைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே பெரிய ஆள் அவர்தான். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழ் நன்றாகத்தான் கதைப்பாள், ஆனால் அது எங்கள் தமிழ் இல்லை. போட்டோ எடுப்போம் என்று சொல்லமாட்டாள், ஜெர்மன்காரர் சொல்வதுபோல "ஒரு போட்டோ செய்வம்" என்பாள். பரவாயில்லை என்பதற்கு "அது ஒண்டும் செய்யாது." நான், "நீ சாப்பிடேல்லைத்தானே?" என்று கேட்டால், "டொஹ், சாப்பிட்டனான்" என்பாள். இல்லை என்று சொன்னதை மறுத்து ஓம் என்று சொல்ல ஜெர்மனில் இருக்கும் அந்தச் சின்னச் சொல் அவளுடைய தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அதற்காகவே புள்ளி குறைத்தார்கள்.

கனடாவிலிருந்து என் கணவரின் சித்தப்பா வந்து நின்றபோது நடந்தது இது. எல்லோருமாக ரயிலில் டோர்ட்மண்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதாக ஏற்பாடு. அக்காவுக்கும் அழைப்பு இருந்தது. "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?" என்று சித்தப்பா மகளிடம் கேட்டிருக்கிறார். அவள், "அரை எட்டுக்கு" என்றிருக்கிறாள். அவர் எட்டரை என்று விளங்கிக்கொண்டு ஆறுதலாகக் குளிக்கப் போய்விட்டார். ஜெர்மனில் அரை எட்டு என்றால் ஏழரை. நாங்கள் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கையில், பட்டுச்சேலையோடு சரியாக நேரத்துக்கு வந்து வாசலில் நின்றவர் அக்கா ஒருவர்தான். அவருக்கும் மகள்தான் நேரம் சொல்லியிருந்தாள், அதே சொல்லில்.

சித்தப்பா தலை துவட்டியபடி வெளியே வந்து, "பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கேல்லையோ?" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அவவைப் பேசாதேங்கோ" என்றார் அக்கா. "அது பிழைத் தமிழ் இல்லை. இந்த ஊர்த் தமிழ். நீங்கள் கதிரை எண்டுறியள், யன்னல் எண்டுறியள், குசினி எண்டுறியள். அதெல்லாம் ஆர் தந்தது? போர்த்துக்கீசன் தந்தது. அப்பவும் ஆரோ ஒரு சித்தப்பா சத்தம் போட்டிருப்பார்."

மகள் அன்றிலிருந்து அவரிடம் ஒட்டிக்கொண்டாள். பள்ளி விட்டதும் மேலே போய்விடுவாள். இரண்டு மூன்று மாதம் நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள். "அம்மா, அக்கா நான் கதைக்கிறதை எல்லாம் அவவின்ர கொம்பியூட்டரிலை எடுத்து வைக்கிறா. பிறகு ஹெட்போன் போட்டுக் கேக்கிறா."

ஒரு பிள்ளையின் பேச்சை ஒரு தனி மனுஷி எதற்குச் சேர்க்க வேண்டும்? அதற்குப் பிறகு மகளை மேலே விடவில்லை. ஏன் என்று அக்கா கேட்கவும் இல்லை.

எங்களுடையது பழைய கட்டிடம், மரத்தளம். மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் கீழே கேட்கும். வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானங்களில் குசினியில் நிற்கும்போது மேலேயிருந்து குரல்கள் வரும். ஆண் குரல், பெண் குரல், வயதான குரல். சொற்கள் பிடிபடாது, தமிழ் என்பது மட்டும் ஓசையில் தெரியும். கொஞ்சம் ஓடும், நிற்கும். திரும்ப அதே துண்டு ஓடும், நிற்கும். ஒரு மத்தியானம் ஒரு பெண் அழுதாள். நின்றது. திரும்பவும் அதே அழுகை, அதே இடத்தில் மூச்சு வாங்கல். நின்றது. மூன்றாம் முறையும் அதே அழுகை வந்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே நடந்தேன். தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் இந்த ஊர்த் தொங்குறெயிலில் ஏறி, இறங்க வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "உவ அகதி அலுவலகத்துக்கு வேலை செய்யிறா. ஆர் ஆர் என்ன கதைக்கினம் எண்டு சொல்லிக் குடுக்கிறா." தமிழ்க் கடையில் வேறு கதை ஓடியது. தூதரகத்து ஆள் என்று ஒருவர், எங்கள் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போனதை எழுதிப் பட்டம் வாங்கப் போகிறார் என்று இன்னொருவர். எது உண்மை என்று தெரியாவிட்டாலும் அவர் கடைக்குள் வந்தால் கதை நிற்கும்.

இதற்கு நடுவில்தான் சுதர்சன் வந்தான். சுதர்சன் என் கணவரின் பெரியம்மா மகன், முப்பது வயது தாண்டியவன். கைக்குழந்தை வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து படகில் தாயோடு இராமேஸ்வரம் போனவன். திருச்சிப் பக்கத்தில் ஓர் அகதி முகாமிலேயே வளர்ந்து, பள்ளி போய், சமையல் வேலை பழகி, தாயும் அங்கேயே இறந்த பிறகு எப்படியோ ஜெர்மனிக்கு வந்து சேர்ந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். வேறு ஊரில் அகதிகள் விடுதியில் இருந்தான். சனி, ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து சமைத்துக் கொட்டுவான். அவனுடைய பேச்சு கலவையாக இருக்கும். "அண்ணி, ரொம்பப் பசிக்குது, கெதியா வாங்கோ" என்பான். நாங்கள் சிரிப்போம்.

மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்கு அவன்தான் சமையல். அக்காவைக் கூப்பிடாமல் விட முடியவில்லை, ஒரே கட்டிடம். வந்து, வழக்கம்போல ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தார். கோயம்புத்தூர் இளைஞரும் வந்திருந்தார். அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டே சுதர்சன் அவரோடு பேசினான்.

"சார், வண்டிய எங்க நிறுத்துனீங்க? இங்க ரொம்பக் கஷ்டமாச்சே."

"பார்க்கிங் கிடைக்கவே இல்ல ப்ரோ, மூணு ரவுண்ட் அடிச்சேன்."

அக்காவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. சுதர்சனை அவர் பார்த்த பார்வையை நான் கண்டேன். புது ஆளைப் பார்க்கும் பார்வை இல்லை அது. எங்கேயோ பார்த்துப் பழகிய ஒருவரை எதிர்பாராத இடத்தில் கண்டால் பார்ப்போமே, அந்த மாதிரி.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தெறித்து அவன் கையில் பட்டது.

"ஐயோ அம்மாளாச்சி, சுட்டுப்போட்டுது!" என்று கத்தினான்.

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து அவன் கையைப் பிடித்தேன். மகள் ஐஸ் எடுக்க ஓடினாள். அப்போது அக்கா எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

"என்ன?" என்றான் சுதர்சன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இப்ப கத்தினதை. சுடேக்கை என்ன சொன்னனீங்கள்?"

என் கணவர் வந்தார். "அக்கா, நீங்கள் மேலை போங்கோ" என்று மட்டும் சொன்னார். அக்கா வாசலில் கழற்றிவைத்த சப்பாத்தைக்கூடப் போடாமல் வெறுங்காலோடு படியேறிப் போனார்.

மூன்று நான்கு வாரத்தில் சுதர்சனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணத்தை லோயர் போனில் விளங்கப்படுத்தினார். அவனுடைய நேர்காணலின் ஒலிப்பதிவை மொழி தெரிந்த ஒருவர் கேட்டு ஆராய்ந்திருக்கிறாராம். பேசுவது தமிழ்நாட்டுத் தமிழ், இலங்கைப் பேச்சின் அடையாளம் இல்லை என்று முடிவாம். ஆகவே அவன் இலங்கையன் என்பதையே நம்ப முடியாதாம். முகாம் அட்டையின் நகலையும் உறுதிப்படுத்த முடியவில்லையாம்.

சுதர்சன் எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தான். "அண்ணி, அங்க கிட்டத்தட்ட முப்பது வருசம் என்ன சிலோன்காரன்னுதான் கூப்பிட்டாங்க. இங்க வந்தா இந்தியன்னு சொல்றாங்க. அப்ப நான் ஆர்?"

"உவதான்" என்று என் கணவர் மேலே பார்த்தார். "பிறந்தநாளுக்கு வந்து கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லிக் குடுத்தவ. நான் போய்க் கேக்கிறன்."

அவர் போனால் பொலிஸ் வரும் என்று எனக்குத் தெரியும். "நான் போறன்" என்றேன்.

அக்கா கதவைத் திறந்ததும், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. மேசையில் கணினி, அதன்மேல் கறுப்பு ஹெட்போன்.

"சுதர்சன்ர அலுவல் நீங்களோ செய்தது?"

"பேர் எனக்குத் தெரியாது. எனக்குப் பேர் தாறேல்லை. குரல்தான் தருவினம்."

"அப்ப நீங்கள்தான்."

"ஓம்" என்றார். "நான்தான். ஆனா நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. உங்கட வீட்டிலை அவரைக் காண முதலே நான் கேட்டு எழுதிக் குடுத்திட்டன்."

வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு கம்பனி ஒலிப்பதிவுகளை அனுப்புமாம். எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம். ஆண்டுக்கணக்காக அதுதான் அவர் வேலை. யாருடைய குரல், அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது, ஒன்றும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

"பிறந்தநாளண்டு அவர் அந்தத் தம்பியோடை கதைக்கேக்கையே எனக்குக் குரல் பிடிபட்டிட்டுது. நான் கேட்ட அதே குரல். சரியாத்தான் எழுதியிருக்கிறன் எண்டு நினைச்சன். பிறகு எண்ணெய் தெறிச்சுது. சுட்டுப்போட்டுது எண்டார். தமிழ்நாட்டு ஆள் எண்டா சுட்டுடுச்சு எண்டு வந்திருக்கும். நோகேக்கை தாய் தந்த சொல்லுத்தான் வரும். அதுதான் திரும்பக் கேட்டனான். எனக்கு வேற ஒண்டும் வாயிலை வரேல்லை."

"பிழை எண்டு தெரிஞ்சதுதானே. ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"கம்பனிக்கு எழுதினனான். முடிஞ்ச அலுவல் எண்டு பதில் வந்தது." ஹெட்போனைக் கையில் எடுத்தார். "உங்களுக்குச் சொல்லப் பயம்."

"அந்தப் பதிவிலை ஒண்டுமே உங்களுக்கு விளங்கேல்லையோ? எங்களைப் பாத்து எந்தத் தெரு எண்டு சொல்லுறியள்!"

அவர் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார். "அவரை விசாரிச்ச மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்து ஆள். இவர் 'நான் அம்மாவோடை கதைச்சனான்' எண்டுதான் துவங்கினவர். அந்த ஆள் 'என்ன?' எண்டு கேட்டிட்டார். அவருக்கு விளங்கேல்லை. அதோடை இவர் அவற்ற தமிழுக்கு மாறிட்டார். எதிரிலை இருக்கிறவனுக்கு விளங்கவேணும் எண்டு நாங்கள் எல்லாரும் செய்யிறதுதான். நான் அந்த 'என்ன?' எண்டதைக் கேட்டனான். திரும்பத் திரும்பக் கேட்டனான். அவற்ற குரலை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

நான் கணினியைக் காட்டினேன். "என்ர மகளின்ர குரல்?"

"அது எனக்கு. இஞ்ச பிறந்த பிள்ளையளின்ர தமிழ் என்னண்டு மாறுது எண்டு கேட்டுக்கொண்டிருக்க எனக்கு விருப்பம். ஒருத்தருக்கும் அனுப்பேல்லை." என் கண் முன்னாலேயே அதை அழித்தார். அழிந்தது என்று திரையில் வந்தது. இன்னோர் இடத்தில் இன்னொன்று இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

"சுதர்சன் மாதிரி எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்தனீங்கள்?"

"கணக்கு வைக்கேல்லை."

அவர் அன்று சொன்னவற்றில் நான் நம்பாதது இது ஒன்றுதான். என்றோ ஒருநாள் கேட்ட குரலை வீடு நிறைந்த சனத்துக்குள் பிடித்தவர். அவருக்கா கணக்குத் தெரியாது?

நான் திரும்பிக் கதவுக்கு வந்தபோது, "லோயரிட்டை எப்ப போறியள்?" என்று கேட்டார். "நானும் வாறன்."

வந்தார். அந்தக் கேட்கிற வேலைக்கு முதல் விதியே ஆள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பதாம். லோயர் அதைச் சொல்லி எச்சரித்தார். வேலை போகும், வழக்கும் வரலாம் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்.

நீதிமன்றம் என்றதும் நான் பெரிய மண்டபத்தை நினைத்திருந்தேன். பள்ளி வகுப்பறை போன்ற ஓர் அறை. நீதிபதி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். அக்கா அன்றைக்கும் அதே சாம்பல் கோட்டோடு வந்து, ஜெர்மனில், அளந்து அளந்து பேசினார். தான்தான் அந்த அறிக்கையை எழுதியதாகவும் அது பிழை என்றும் சொன்னார்.

"அறிக்கையில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று அதற்கு நேர்மாறாகச் சொல்கிறீர்கள். எதை நான் நம்புவது?" என்று நீதிபதி கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே கேள்வி இருந்தது.

அக்கா, நாங்கள் இத்தனை காலம் கேட்டும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் பெண்ணிடம் சொன்னார். தான் பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்ட லயனில் என்றார். கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தபோது தனக்கு எட்டு வயது என்றார். தோட்டத்துத் தமிழைக் கேட்டுப் பள்ளியில் பிள்ளைகள் சிரித்தார்களாம். வாயைத் திறக்காமல் ஒரு வருஷம் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு வாயைத் திறந்தபோது அவர்களைப்போலவே பேசினாராம்.

"என் அம்மாவுக்கு அது முடியவில்லை" என்றார். "சாகும்வரை தோட்டத்துத் தமிழ்தான் பேசினார். அவருடைய தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள், அந்தப் பேச்சு அதில் இருந்தது. இந்த மனிதருடைய பதிவில் எந்தெந்தச் சொற்களை வைத்து இவர் இலங்கையர் இல்லை என்று எழுதினேனோ, அவற்றில் பாதியை என் அம்மா வீட்டில் பேசினார். அம்மாவின் குரலை அனுப்பியிருந்தால் அவரையும் நான் இந்தியர் என்றுதான் எழுதியிருப்பேன்."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சுதர்சனுக்குச் சொன்னார். சுதர்சன் முதல் தடவையாக அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

சில வாரம் கழித்து லோயர் போன் எடுத்தார். முந்திய முடிவை நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது. பிறகு இன்னும் கொஞ்சக்காலம் இழுபட்டு, சுதர்சனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. இப்போது டோர்ட்மண்டில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது.

அனுமதி கிடைத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. "அக்காவைக் கூப்பிடுவமோ?" என்று கேட்டேன்.

கணவர் யோசித்தார். "நன்றி சொல்லவேணும். ஆனா வீட்டுக்குள்ளை எடுக்கேலாது" என்றார்.

சுதர்சனும் அப்படித்தான். "நன்றி இருக்கு அண்ணி. படியில பாத்தா தலையாட்டுறன். ஆனா அவங்க முன்னால வாய் வரமாட்டேங்குது. வாயத் திறந்தாலே எடை போடுற மாதிரி இருக்கு."

எங்களவர்களுக்குள் இரண்டு வருஷமாகச் சந்தேகமாக இருந்தது, கோர்ட்டில் அவர் வாயாலேயே உறுதியாகிவிட்டது. அவனைக் காப்பாற்றியதை யாரும் பேசவில்லை. அதற்கு முதல் எத்தனை பேரைத் தள்ளினார் என்பதைத்தான் பேசினார்கள். ஒருவருடைய மச்சான் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார், இன்னொருவருடைய அண்ணன் பிரான்ஸுக்கு ஓடியிருந்தார். எல்லாவற்றுக்கும் அக்காவே காரணமாகிவிட்டார். தோட்டக்காட்டு ஆள் என்று தெரிந்ததும் அதையும் சேர்த்துப் பேசியவர்கள் உண்டு, அதைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. தமிழ்க் கடையில் அவர் வந்தால் கடைக்காரர் சாமானைப் பையில் போட்டு, விலையை ஜெர்மனில் சொல்வார்.

நானும் அந்தப் பழக்கத்துக்கு எப்போது வந்தேன் என்று தெரியவில்லை. திட்டமிட்டுச் செய்யவில்லை. படியில் அவரைக் கண்டால் வாயில் முதலில் ஜெர்மன் வந்தது. காலை வணக்கம், மழை வரும்போல, பார்சல் ஒன்று உங்களுக்கு வந்தது. ஜெர்மனில் எனக்கு ஊர் இல்லை, லொட்ஜ் இல்லை, ஒளிக்க ஒன்றும் இல்லை. அவரும் ஜெர்மனிலேயே பதில் சொன்னார். ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியாக நாங்கள் பேசியது நிலவறையில், எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை மெஷின்கள் இருக்கும் அறையில். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஜெர்மன் மூதாட்டி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் துணியைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் லைப்சிக்குக்குப் போவதாக என்னிடம் ஜெர்மனில் சொன்னார். அங்கே எங்களவர்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். எல்லாம் நல்லபடி அமையட்டும் என்று நானும் ஜெர்மனில் சொன்னேன்.

மூதாட்டி விரிப்பை மார்போடு அணைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்தானே? ஒரே மொழிதானே? ஏன் ஜெர்மனில் பேசிக்கொள்கிறீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். என் மெஷின் இன்னும் முடியவில்லை. நடுவில் நிறுத்தி, ஈரத் துணிகளைச் சொட்டச் சொட்டக் கூடையில் அள்ளிக்கொண்டு படியேறினேன்.

முதல் திருப்பத்தில் அவர் குரல் கீழேயிருந்து கேட்டது. மூதாட்டியிடம் ஜெர்மனில், அமைதியாகச் சொன்னார்:

"அவர் செய்வது சரிதான்."

நான் நிற்கவில்லை.